எனக்கொரு பட்டர் தேடிய சம்பந்தி

என் மகளின் மாமனாரிடம் நான் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தேன். விளையாடத் தெரியாமல் தோற்கவில்லை, தெரிந்துதான் தோற்றேன். அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் முதலில் அந்த விளையாட்டைச் சொல்ல வேண்டும், அப்புறம் என் மனைவியைச் சொல்ல வேண்டும்.

விளையாட்டின் பெயர் டிஸ்க் கால்ஃப். டிஸ்க் என்பது சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வட்டு. தூரத்தில் ஒரு கம்பம் நிற்கும். அதில் இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கூடை, கூடைக்கு மேலே சரஞ்சரமாகத் தொங்கும் சங்கிலிகள். டிஸ்க்கை வீசி வீசிக் கூடையை நெருங்கி, கடைசியில் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதற்குப் போய் டிஸ்க்கில் எத்தனை வகை வைத்திருக்கிறார்கள்! தூரம் போவதற்கு ஒன்று, வளைந்து போவதற்கு ஒன்று, கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் நிதானமாகப் போடுவதற்கு ஒன்று. இந்தக் கடைசி வகைக்குப் பட்டர் என்று பெயர். ரொட்டியில் தடவுவது வேறு.

நான் செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாக்காரன். அந்தப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். மயிரிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். அந்தப் புத்தி வீடுவரைக்கும் வந்துவிட்டது. தோசை ஒரு பக்கம் கோணியிருந்தால்கூட எதையாவது சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். மகளுக்கு ஐ.டி.யில் வேலை, ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரில் வீடு. மாப்பிள்ளைக்கும் அதே துறை. அவர் வீட்டார் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நாங்கள் திருச்சியிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். சம்பந்தி பேசுவதும் தமிழ்தான், ஆனால் நடுநடுவே ஆமாம் என்பதற்கு 'ஹவ்' வரும், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' வரும். சம்பந்தி அம்மா தெலுங்கையும் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்வார்.

சம்பந்தி செகந்திராபாத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதித்தவர். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்த பிறகும் பழக்கம் விடாமல் மதியம்வரை போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

எங்கள் நால்வரையும் அந்தத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனது மாப்பிள்ளைதான். கொண்டாப்பூரைத் தாண்டி, இன்னும் யாரும் கட்டடம் எழுப்பாத ஒரு பாறைக்காட்டில் அவருடைய நண்பர்கள் கூடைகளை நட்டு வைத்திருந்தார்கள். யானை படுத்த மாதிரி பாறைகள், நடுவே சீத்தாப்பழப் புதர்கள், புதருக்கு நடுவே பளபளவென்று கூடை. வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கே வேலைவெட்டி இல்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

என் கையில் ஒரு பட்டரைக் கொடுத்து, பத்தடி தள்ளி நிற்க வைத்து, போடச் சொன்னார்கள். போட்டேன். சங்கிலி சலசலத்தது, டிஸ்க் கூடைக்குள் உட்கார்ந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் உட்கார்ந்தது. சம்பந்தி போட்டது கம்பத்தில் பட்டு, உருண்டு, புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று ஆட்டம் முடிந்தபோது நான் அவரை வெகுதூரம் பின்னால் விட்டிருந்தேன்.

"சபாஷ் சம்பந்தி! உங்களுக்குக் கையில கண்ணு இருக்கு" என்று அவர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். தார்நாகா தாண்டும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை. அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"பெருமையா இருக்காக்கும்?" என்றாள்.

"எதுக்கு?"

"சம்பந்தியைத் தோக்கடிச்சுட்டு, தாளம் வேற போட்டுக்கிட்டு வரீங்களே, அதுக்கு."

"விளையாட்டுல என்ன இருக்கு? அவரே கைதட்டினாரு."

"அது அவங்க பெருந்தன்மை. நம்ம பெருந்தன்மை எங்க போச்சு? கல்யாணத்துல அவங்க பந்தி எந்திரிக்கிற வரைக்கும் நாம கை நனைச்சோமா? பொண்ணைக் குடுத்த வீடுங்க அது. மருமக முன்னாடி, மகன் முன்னாடி, அந்த மனுஷரைப் புதருக்குள்ள குனிய வச்சுட்டு வந்திருக்கீங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"உங்களுக்குத் தெரியாதா என்ன பண்றதுன்னு!"

தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தவறவிட ஆரம்பித்தேன்.

என் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். என் மகளிடம் சொன்னால் சண்டைக்கே வருவாள். ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு இதெல்லாம் மண்டையில் ஏற்கெனவே ஏறியிருக்கும், யாராவது நினைவூட்டினால் போதும். எனக்கு அது அவமானமாகவும் இல்லை. நன்றாகத் தோற்க வேண்டும் என்பது ஒரு புது உத்தியோகம் மாதிரி ஆயிற்று. தவறுவதென்றாலும் அதை ஒழுங்காகத் தவற வேண்டாமா? கம்பத்துக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, சங்கிலியை உரசாமல், அடுத்த வீச்சில் சுலபமாகப் போட்டுவிடும் தூரத்தில் டிஸ்க் இறங்கும்படி வீசினேன். ஒவ்வொரு முறையும் அங்கேதான் இறங்கியது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றும்.

சம்பந்தி அம்மாவும் ஆடுவார். சேலையை ஒரு சொருகு தூக்கிச் சொருகி, கீழே மகனின் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, வீசுவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். அவருடையது இளம்பச்சை நிறப் பட்டர். மாப்பிள்ளை வாங்கிய பட்டர்களில் அதே பச்சையில் இன்னொன்றும் இருந்ததால், தன்னுடையதை அடையாளம் வைக்க நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து டிஸ்க்கின் நடுவில் ஒட்டிவிட்டார். அரக்குச் சிவப்புப் பொட்டு. அது உரிந்து போனால் உடனே இன்னொன்று ஒட்டுவார். கூடைக்குள் டிஸ்க் விழுந்தால் பொட்டு மேலே பார்க்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். மேலே பார்த்தால் அந்த வாரம் முழுக்க நல்ல வாரமாம். இப்படி ஒரு சாஸ்திரத்தை அவரே எழுதி அவரே நம்பினார்.

நான் தொடர்ந்து தவறவிடுவதைப் பார்த்து சம்பந்திக்குப் பொறுக்கவில்லை. "முதல் நாள் அப்படிப் போட்டீங்க. கை அதே கைதான். அப்ப தட்டுலதான் தப்பு" என்று தீர்மானத்துக்கு வந்தார். எனக்குச் சரியான பட்டரைக் கண்டுபிடித்துத் தருவது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவர் தேர்ந்தெடுக்கும் முறை, கடையில் கண்ணைச் சோதித்த முறையேதான். ஒரு பாறைமேல் இரண்டு பட்டர்களை வைப்பார். ஒன்றை என் கையில் கொடுத்து, விரல்களை அவரே மடக்கி வைத்து, "இது ஒண்ணு" என்பார். அதை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுத்து, "இது ரெண்டு" என்பார். "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?" நான் ரெண்டு என்றால் ஒன்று ஓரங்கட்டப்படும், அதன் இடத்துக்குப் புதிதாக இன்னொன்று வரும். மறுபடியும் ஒண்ணா, ரெண்டா. அந்த நேரத்தில் அவர் முகத்தில் வேறொரு நிதானம் வந்துவிடும். சம்பந்தி, பெண்ணைக் கொடுத்தவன் எல்லாம் அங்கே கிடையாது. நான் வாடிக்கையாளர், அவர் கண்ணாடிக்காரர்.

பட்டர்களில் இவ்வளவு வித்தியாசம் உண்டென்று எனக்கு அவரால்தான் தெரிந்தது. சிலது மெத்தென்று இருக்கும். சங்கிலியில் பட்டால் துள்ளாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு விழும், ஆனால் ஏப்ரல் வெயிலில் அப்பள மாவு மாதிரி தொளதொளத்துவிடும். சிலது விறைப்பு. கையை விட்டுச் சுத்தமாகக் கிளம்பும், சங்கிலியில் பட்டதும் முறைத்துக்கொண்டு திரும்பி வரும். சிலதின் விளிம்புக்கு அடியில் மணி கோத்தது போல ஒரு மெல்லிய வரப்பு ஓடும், விரல் அதைப் பிடித்துக்கொள்ளும். சிலதில் அது இல்லாமல் வழவழவென்று இருக்கும். ஆழமான விளிம்பு, ஆழமில்லாத விளிம்பு, மேல்பக்கம் தட்டை, மேல்பக்கம் மேடு.

"கண்ணை மூடுங்க சம்பந்தி" என்பார். "எது கையில இருக்கறதே தெரியாம இருக்கோ, அதுதான் உங்க தட்டு. நல்ல கண்ணாடி போட்டா மூக்கு மேல இருக்கறதை மறந்துடணும். அந்த மாதிரி."

நான் கண்ணை மூடிக்கொள்வேன். காலை வெயில் இமைமேல் சூடாக விழும். என் கையைப் பிடித்து யாராவது விரல் விரலாக மடக்கி வைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றும். ரொம்ப யோசித்த மாதிரி பாவனை செய்து, "ரெண்டு" என்பேன். பிறகு அந்த இரண்டாவதைக் கொண்டு அழகாகத் தவறவிடுவேன்.

"பரவாலேது, அன்னையா! கூடை எங்கேயும் ஓடிப் போகாது" என்று தெலுங்கில் பரவாயில்லை சொல்லி, என்னை அண்ணாவாக்கி, சம்பந்தி அம்மா பாறையிலிருந்து குரல் கொடுப்பார்.

அந்த மழைக்காலத்தில் சம்பந்தி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லார் வீட்டிலும் வந்த காய்ச்சல்தான். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு ஃபோனில் பேசினார், ஞாயிற்றுக்கிழமை தரை ஈரமாக இருக்கும், ஷூவைக் காயவைக்க வேண்டும் என்றார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, ஐ.சி.யு., கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மாப்பிள்ளை தன் அப்பாவைக் கொண்டாப்பூருக்கு அழைத்துக்கொண்டார். சம்பந்தி கடைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் சாப்பாட்டு மேஜைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். என் மகள் பொதுவாக எங்களிடம் பாதி இங்கிலீஷில்தான் பேசுவாள், பயந்துவிட்டால் முக்கால்வாசி ஆகிவிடும்.

"டாடி, மாமா ரூம்லேர்ந்து வெளியவே வர்றதில்ல. கர்ட்டன்கூட ஓபன் பண்ண விட மாட்டேங்கிறார். டாக்டர் சொல்றார், ஹி ஹாஸ் டு வான்ட் சம்திங். எதாவது ஒண்ணு வேணும்னு அவருக்கே தோணணும்னு. ஐ ஆம் ஸ்கேர்ட், டாடி."

நானும் மனைவியும் போய் உட்கார்ந்து பார்த்தோம். என்ன பேசுவது? சாப்பிட்டீர்களா என்றால் தலையை ஆட்டினார். தூங்கினீர்களா என்றால் அதற்கும் அதே ஆட்டல். ஒரு வாழ்க்கை முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பேசியவர், எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குத் துக்கம் வந்தால் கோபமாக வரும். வீடு திரும்பும்போது சிக்னலில் ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டேன். மனைவி தடுக்கவில்லை.

அடுத்த தடவை தனியாகப் போனேன். போகும்போது, ஏன் என்று சரியாகத் தெரியாமலே, அவர் எனக்காகத் தேடித் தந்த பட்டர்கள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். இருட்டறையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான், அந்தப் பாடம் எனக்கு எங்கேயும் வரவில்லை. கடைசியில் பையைத் திறந்து இரண்டு பட்டர்களை எடுத்து அவர் முன்னால் போர்வைமேல் வைத்தேன்.

"விழவே மாட்டேங்குது, சம்பந்தி" என்றேன். "எத்தனை தடவை போட்டாலும் இடதுபக்கமே போகுது. எனக்குத் தட்டு இன்னும் அமையல."

அவர் ரொம்ப நேரம் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை நகர்ந்தது. ஒரு பட்டரை எடுத்தார், விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார், வளைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு எழுந்து ஜன்னல் திரையை ஒரு முழம் விலக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் மேட்டைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு ரொம்ப விறைப்பு" என்றார். "ஞாயித்துக்கிழமை வாங்க. பாக்கலாம்."

வெளியே வந்து மகளிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்று அழுதாள், நான் காபி ஃபில்டரை எடுத்துத் தேவையே இல்லாமல் கழுவினேன்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. வாரம் பூராவும் அவர் அறையிலேதான் இருந்தார் என்றாலும், சனிக்கிழமை மாலை மாப்பிள்ளையை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் புதுப் பட்டர்களைப் பார்ப்பாராம். பெங்களூரிலிருந்து ஒன்று வரவழைத்தார். மாப்பிள்ளையின் நண்பர்களிடமிருந்து இரவல் வாங்கினார். ஞாயிறு காலையில் குளித்து, சட்டையை டக்-இன் செய்து, எனக்காகக் கீழே வந்து காத்திருப்பார். பாறைமேல் இரண்டை வைப்பார். ஒண்ணா, ரெண்டா.

நான் முன்பு பெண்ணுக்காகத் தவறவிட்டேன், இப்போது அவருக்காகத் தவறவிட்டேன். முன்னது சுலபம். இது கஷ்டம், ஏனென்றால் ஒரு தடவைகூட விழக் கூடாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. விழுந்துவிட்டால் பட்டர் கிடைத்துவிட்டது என்று ஆகிவிடும். பட்டர் கிடைத்துவிட்டால் அந்த மனுஷர் எதற்காகக் கட்டிலை விட்டு எழுவார்? இத்தனை நாள் பழகியதில் என் கையும் தேறிவிட்டிருந்தது, சும்மா விட்டால் கூடைக்குள்தான் போவேன் என்று அடம் பிடித்தது. கழுத்து வியர்க்க வியர்க்க இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி வீசுவேன். என் மனைவி பாறைமேல் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்து பார்ப்பாள். முன்பெல்லாம் அவள் கண்ணால் அதட்டுவாள். இப்போது வீடு திரும்பும்போது, "இன்னிக்கு நல்லா விட்டீங்க" என்று மெதுவாகச் சொல்வாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம்.

சங்கராந்தி கழிந்த ஒரு ஞாயிறு. பனி இன்னும் முழுக்க விலகவில்லை. மகளும் மாப்பிள்ளையும் அடுத்த கூடைக்குப் போய்விட்டிருந்தார்கள். பாறைக்குப் பக்கத்தில் நானும் சம்பந்தியும், கொஞ்சம் தள்ளி என் மனைவியும்தான் இருந்தோம். அன்று அவர் பாறைமேல் இரண்டை வைக்கவில்லை.

"சம்பந்தி" என்றார், "கிடைக்கறதெல்லாம் பாத்தாச்சு. மெத்து, விறைப்பு, மேடு, தட்டை, எல்லாம் ஆச்சு. இனிமே கொண்டு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கி. இதுலயும் விழலேன்னா இதோட விட்டுடலாம்."

கண்ணாடி துடைக்கிற மெல்லிய மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். இளம்பச்சைப் பட்டர். நடுவில் அரக்குச் சிவப்புப் பொட்டு.

அவர் வழக்கம்போல என் விரல்களை விளிம்பில் மடக்கி வைத்தார். அவர் கை குளிர்ந்திருந்தது. "கண்ணை மூட வேண்டாம். போடுங்க" என்றார்.

நான் கூடையைப் பார்த்து நின்றேன். விழுந்தால் தேடல் முடிந்தது. விழாவிட்டாலும் முடிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் போனாலும் அடுத்த ஞாயிறு கிடையாது. மறுபடியும் அந்தக் கட்டில், அந்தத் திரை. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு உத்தரவு வைத்திருப்பவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாறையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

கையை ஓங்கினேன். இடப்பக்கம் ஒரு சாண். அது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பொட்டு வைத்த டிஸ்க் மண்ணில் விழுந்து புரள்வதை நினைத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. அந்த அம்மாவின் தட்டை வேண்டுமென்றே கீழே போட எனக்கு மனசு வரவில்லை. யோசித்தெல்லாம் முடிவு எடுக்கவில்லை. விட்டேன்.

சங்கிலி சலசலத்தது. கூடைக்குள் அது ஒரு தடவை சுற்றி, சத்தமில்லாமல் படுத்தது.

அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் மெல்லக் கூடைவரை நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பொட்டு மேல பாத்துருக்கு" என்றார்.

பிறகு அதை எடுத்து, துணியால் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். அவர் கண் நிறைந்திருந்தது, ஆனால் என் கண்ணைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்.

"இத்தனை மாசமா இந்தக் கையைக் கட்டிப் போட்டிருந்தீங்களே, வலிக்கலையா சம்பந்தி?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நக்கோ" என்று கையமர்த்தினார்.

"கடைக்குச் சின்னப் பசங்க வருவாங்க. கண்ணாடி மாட்டிக்கணும்னு ஆசைப்பட்டு, தெரியறதையே தெரியலைம்பாங்க. நிஜமாவே கண்ணு தெரியாதவன் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு தப்பா சொல்லுவான். பொய் சொல்றவன் தப்பை ஒழுங்கா சொல்லுவான். உங்க தட்டு ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்துல விழுந்துச்சு. ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு."

"ரெண்டாவது வாரமேவா?"

"ஹவ். வீட்டுக்குப் போய் அவகிட்ட சொன்னேன், அடுத்த வாரம் கேட்டுடப் போறேன்னு. அவ விடல. 'கேக்காதீங்க, அவங்க நமக்கு மரியாதை பண்றாங்க. நீங்க அவருக்கு நல்ல தட்டாத் தேடிக் குடுங்க, அது நம்ம மரியாதை'ன்னா."

என் மனைவி பாறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் நின்றாள்.

"அன்னிக்கு அந்த ரூமுக்கு வந்து, விழவே மாட்டேங்குதுன்னு சொன்னீங்க பாருங்க," என்றார் சம்பந்தி, "பொய்னு எனக்குத் தெரியும். இந்த மனுஷன் எனக்காக இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்றானேன்னுதான் எந்திரிச்சேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை எனக்கே வேணும்னு ஆயிடுச்சு. நீங்க விடறதும் நான் தேடறதுமா இப்படியே போகட்டும்னு இருந்தேன். ஆனா எத்தனை நாளைக்கு உங்களைத் தோக்க வைக்கறது? அவ தட்டைக் குடுத்தா உங்களால தப்பா போட முடியாதுன்னு தெரியும். அதான் கொண்டு வந்தேன்."

அதைச் சொல்லிவிட்டுப் பச்சைப் பட்டரை மறுபடியும் துணியில் சுற்றினார். சுற்றி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முடிந்தது என்பது மாதிரி நின்றார். அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் துக்கம் அப்படித்தான் வரும் என்று முன்பே சொன்னேன்.

"நல்லா இருக்கு நியாயம்" என்றேன். "எனக்கு மட்டும் தேடித் தேடிக் குடுத்தீங்க. நீங்க இத்தனை மாசமா எதுல போடறீங்க? முதல் நாள் மாப்பிள்ளை கையில திணிச்ச அதே தட்டு. போட்டா பாதி நாள் புதருக்குள்ள. நான் வேணும்னே விட்டும் சில நாள் உங்களைவிட நல்லாத்தான் போட்டிருக்கேன். உங்க கைக்கு எது சேரும்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

அவர் திகைத்துப் போய்த் தன் கையையே பார்த்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவர்.

நான் என் பையை அவிழ்த்துப் பாறைமேல் கொட்டினேன். மெத்து, விறைப்பு, மேடு, தட்டை, பெங்களூரிலிருந்து வந்தது, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதது, எல்லாம். இரண்டை மட்டும் முன்னால் எடுத்து வைத்தேன். துணிச் சுருளை அவர் கையிலிருந்து வாங்கி மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடுங்க" என்றேன்.

மூடினார். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பில் மடக்கி வைத்தேன். எனக்கு அவ்வளவு பதமாக வரவில்லை, கட்டைவிரல் இரண்டு தடவை நழுவியது. "இது ஒண்ணு." வாங்கிக்கொண்டு அடுத்ததை வைத்தேன். "இது ரெண்டு. ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?"

மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து நீர் வழிந்து மூக்குக்கண்ணாடிக்குக் கீழே இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் யோசித்தார், அல்லது யோசிக்கிற மாதிரி பாவனை செய்தார். அந்தப் பாவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு சம்பந்தி" என்றார். "அடுத்த வாரம் இன்னொரு தடவை காட்டுங்க."